திருகோணமலையில் பொதுக் கட்டடங்களின் திருத்தமும் ஒப்பந்தக்காரரின் பொறுப்பும்

திருகோணமலை மாவட்டத்தில் எந்தக் கிராமத்துப் பொதுநோக்கு மண்டபத்துக்குப் போனாலும் முகப்புச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கும். நிதி தந்த நிறுவனம், திறந்துவைத்தவர், திகதி ஆகியவை அதில் பொறிக்கப்பட்டிருக்கும். பின்னர் திருத்த வேலை நடந்திருந்தால் பக்கத்திலேயே இரண்டாவது கல்லும் இருக்கும். கட்டியவரின் பெயரும் திருத்தியவரின் பெயரும் பெரும்பாலும் இரண்டிலும் இரா. ஒப்பந்தக்காரர் என்றதும் நம் ஊர்ப் பேச்சில் இரண்டு உருவங்களே முன்னுக்கு வருகின்றன. ஒருவர் சீமெந்தைக் குறைத்து இலாபம் பார்ப்பவர். மற்றவர் பில் காசு வராமல் கந்தோருக்கும் வங்கிக்கும் இடையில் அலைபவர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் பழைய கட்டடத்தைத் திருத்தும் வேலையில் இவ்விரு உருவங்களும் காட்டாத ஒரு பொறுப்பு அவருக்கு இருக்கிறது. பூச்சை உடைத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை முதலில் காண்பவர் அவர்தான். கண்டதை அவர் எழுத்தில் வைக்கிறாரா, அப்படி வைப்பதற்கு ஒப்பந்தம் அவருக்கு இடம் தருகிறதா என்பதைப் பொறுத்தே அந்தக் கட்டடம் இன்னும் இருபது ஆண்டு நிற்குமா, இரண்டு மழையில் மறுபடி உதிருமா என்பது முடிவாகிறது.

இம்மாவட்டத்தின் பொதுக் கட்டடங்களும் வறிய குடும்பங்களின் வீடுகளும் ஏறக்குறைய ஒரே காலத்தவை என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர், குச்சவெளிக் கரைகளில் வீடுகளையும் பாடசாலைகளையும் ஒருங்கே அழித்தது. கிண்ணியா வைத்தியசாலையும் அதில் அழிந்தது. மீள்கட்டுமானம் சூடுபிடிக்கும் வேளையில், 2006 நடுப்பகுதியில், மாவிலாறு அணைக்கட்டை முன்வைத்து மூண்ட போர் மூதூர் கிழக்கையும் வெருகலையும் வெறுமையாக்கியது. மக்கள் திரும்பி வந்தபோது மீண்டும் கட்ட வேண்டியிருந்தது; சம்பூர் மக்கள் தம் காணிகளுக்குத் திரும்பியதோ 2015இற்குப் பின்னர்தான். இவ்வாறு நன்கொடை நிறுவனங்களின் காலக்கெடுவுக்கும் வரவு செலவுத் திட்ட ஆண்டுக்கும் இடையில், பெரும் அவசரத்தில் எழுந்த முன்பள்ளிகளும் சன சமூக நிலையங்களும் மீனவர் சங்கக் கட்டடங்களும் இன்று பதினைந்து முதல் இருபது வயதை எட்டியிருக்கின்றன. கடலோரக் கொங்கிரீட்டுக்கு அது நோய் வெளியே தெரியத் தொடங்கும் வயது.

அந்த அவசரத்தைப் பற்றிப் பேசும்போது பாதைகளையும் மறக்கலாகாது. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும் வரை நகரத்திலிருந்து கிண்ணியாவுக்குப் பொருள் கொண்டுசெல்ல இழுவைப் படகையோ சுற்றுப் பாதையையோ நம்ப வேண்டியிருந்தது. அதற்கு அப்பால் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று மூதூர் வரை துறைகள் இருந்தன. ஒரு லொறி சீமெந்து துறையில் காத்து நின்ற நாட்களில் மேசன்மார் கையிலிருந்த மூட்டைகளை நீட்டி வேலை செய்தார்கள் என்று அக்காலத்தில் வேலை பார்த்தவர்கள் சொல்வதுண்டு. 396 மீற்றர் நீளமான அந்தப் பாலத்துக்கு முன்னர் கட்டியதா, பின்னர் கட்டியதா என்று கேட்டு ஒரு கட்டடத்தின் தரத்தை ஊகிக்கும் பழைய ஒப்பந்தக்காரர்கள் இன்றும் உண்டு. இது அறிவியல் அளவீடன்று. ஆனாலும் முற்றிலும் அர்த்தமற்றதும் அன்று.

கொங்கிரீட்டுக்குள் நடப்பது இதுதான். நன்றாகச் செய்த கொங்கிரீட்டில் காரத்தன்மை மிகுதி. அந்தக் காரம் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கி அதைத் துருவிலிருந்து காக்கிறது. உப்பு அந்தப் படலத்தைத் துளைக்கும். உப்பு வெளியிலிருந்து கடற்காற்றோடு வரலாம். அல்லது கலவை குழைத்த அன்றே உள்ளே போயிருக்கலாம். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்துக் கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பு. கந்தளாய்க் குளத்து நீரைக் குழாயில் பெறும் நகரத்தில் கிடைக்கும் வசதி எல்லா வேலைத்தளத்துக்கும் கிடைப்பதில்லை. குடிக்க முடியாத தண்ணீர் கலவைக்கு உதவாது என்ற எளிய விதியைத் தெரிந்தவர்களும், பவுசர் வராத நாளில் கிணற்றில் வாளியை விட்டுவிடுவார்கள். மணலும் அப்படியே. மகாவலி இம்மாவட்டத்தில்தான் கொட்டியாரக் குடாவில் கலக்கிறது என்பதால் ஆற்று மணலுக்குக் குறைவில்லை. எனினும் அகழ்வுக்குப் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும், கொண்டுசெல்லவும் அனுமதிப் பத்திரம் வேண்டும். நூறு கன அடி கொண்ட ஒரு கியூப் மணலின் விலை அனுமதி இறுகும்போதெல்லாம் ஏறும். ஏறும்போது கழிமுகத்தை அண்டிய உப்பு மணலும் கரை மணலும் ஆற்று மணலோடு கலந்து வருவதற்கான சபலமும் கூடும்.

உப்புப் புகுந்த இடத்தில் கம்பி துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அந்த இடத்தைக் கொங்கிரீட் தர முடியாமையால் வெடிக்கும். முதலில் பீமின் அடிப்புறத்தில் கம்பியின் நீளத்துக்கு ஒரு மயிரிழைக் கீறல், பிறகு பழுப்புக் கசிவு, பிறகு ஒரு துண்டு பெயர்ந்து கீழே விழும். கம்பிக்கும் வெளிப்புறத்துக்கும் இடையில் இருக்க வேண்டிய கொங்கிரீட்டின் தடிப்பைத் தளத்தில் 'கவர்' என்பார்கள். கடலோரத்தில் அது 40 முதல் 50 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டும். கம்பிக்கு அடியில் சீமெந்துக் கட்டை வைக்காமல், கொங்கிரீட் போடும்போது கையால் கம்பியைத் தூக்கிவிட்டால் போதும் என்று நினைத்த இடங்களில் அது பத்து மில்லிமீற்றர்கூட இராது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மாலை நேரத்துச் சோம்பல், இன்று முன்பள்ளிப் பிள்ளைகளின் தலைக்கு மேல் தொங்குகிறது.

இங்கே சீமெந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1980களிலிருந்து சீனக்குடாவில் டோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை இயங்குவதால் இம்மாவட்டம் சீமெந்துக்குத் தொலைவில் இல்லை. நிலக்கரிச் சாம்பல் கலந்த கலப்புச் சீமெந்து வகைகள் உப்பை எதிர்ப்பதில் நல்லவை. ஆனால் அவை மெதுவாகவே உறுதி பெறுகின்றன. சாதாரண சீமெந்துக்கு ஏழு நாள் நீர் ஊற்றி ஈரமாக வைத்திருந்தால், இதற்குப் பத்து, பதினான்கு நாள் வேண்டும். மே முதல் ஓகஸ்ட் வரை வீசும் கச்சான் காற்றில் காலையில் போட்ட கொங்கிரீட்டின் மேற்பரப்பு நண்பகலுக்குள் வறண்டு வெடிக்கும். நனைத்த சாக்கை விரித்து, ஆளை வைத்து இரண்டு வேளை நீரூற்றுவதற்குக் கூலி உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் அளவையும் விலையையும் குறிக்கும் அளவுப் பட்டியலில் அதற்கென்று தனி வரி பெரும்பாலும் இராது. நல்ல பொருளை வாங்கிப் பாதி வேலை செய்வது என்பது இதுதான்.

இப்போது திருத்த வேலை எவ்வாறு ஒப்பந்தமாகிறது என்று பார்ப்போம். பிரதேச சபையோ மாகாணத் திணைக்களமோ ஒரு கட்டடத்தைத் திருத்தத் தீர்மானித்தால், தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் வந்து பார்த்து மதிப்பீடு தயாரிப்பார். அவர் கையில் அளவு நாடாவும் அவ்வாண்டுக்குரிய கட்டட வேலை விலை விகித அட்டவணையும் இருக்கும்; பல கிராமங்களுக்கு அவர் ஒருவரே என்பதால் நேரம் இராது. பூச்சு இத்தனை சதுர மீற்றர், வர்ணம் இத்தனை சதுர மீற்றர், கூரைத் தகடு இத்தனை, கதவு இத்தனை என்று கண்ணுக்குத் தெரிவதை அவர் அளப்பார். அந்தப் பட்டியலின் மேல் விலைமனு கோரப்படும். நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் உரிய தரத்தில் பதிவுபெற்ற ஒப்பந்தக்காரர்கள் விலை குறிப்பார்கள். 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இந்த அதிகாரசபை ஒப்பந்தக்காரர்களைப் பண வரம்புப்படி தரப்படுத்துகிறது. கிராமத்து மண்டபத் திருத்தங்களுக்கு வருபவர்கள் அந்த ஏணியின் கீழ்ப் படிகளில் நிற்பவர்கள். தகுதியுள்ளோரில் குறைந்த விலை குறித்தவருக்கு வேலை போகும்.

புதிய கட்டடத்துக்கு இந்த முறை ஓரளவு பொருந்தும், ஏனெனில் அங்கே எல்லாம் வரைபடத்தில் உண்டு. திருத்த வேலையில் வரைபடமே இராது. வரைபடம் இருந்தாலும் கட்டியது அதன்படிதான் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. ஒரு மண்டபத்தின் பீமில் இரண்டு மீற்றர் நீளத்துக்குக் கீறல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பீட்டில் அது 'உதிர்ந்த பூச்சை அகற்றி மீளப் பூசுதல்' என்ற ஒரு வரியாக இருக்கும். ஒப்பந்தக்காரரின் மேசன் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார். கீறல் உள்ள இரண்டு மீற்றர் மட்டுமல்லாமல் ஆறு மீற்றரும் பொள்ளல் ஒலி தருகிறது. முறையாகச் செய்வதென்றால் கூரைப் பாரத்துக்கு முட்டுக் கொடுத்து, கம்பியின் பின்புறத்துக்கும் விரல் போகும் அளவு கொங்கிரீட்டைக் கொத்தி எடுத்து, துருவைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, மெலிந்துபோன இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, காப்புப் பூச்சுப் பூசி, அதற்கான கலவையால் நிரப்பி, பல நாள் ஈரம் காக்க வேண்டும். பூச்சு வேலைக்குக் குறித்த விலையைப் போலப் பல மடங்கு செலவு அது. அவர் முன்னே மூன்று வழிகள் இருக்கின்றன. வேலையை நிறுத்தி, படம் எடுத்து, ஒப்பந்தத்தில் இல்லாத வேலைக்கு அனுமதி தரும் மாற்றக் கட்டளை கேட்டுக் கடிதம் எழுதலாம். தன் கைக்காசைப் போட்டுச் செய்யலாம். கொத்திய இடத்தில் பூசி மூடிவிடலாம்.

மூன்றாவது வழியைத் தேர்ந்தவர் பட்டியலின்படி குற்றமே செய்யவில்லை என்பதுதான் இதில் வேதனையான செய்தி. பட்டியல் கேட்டது பூச்சு, அவர் பூசினார், தொழில்நுட்ப உத்தியோகத்தர் சதுர மீற்றரை அளந்தார், பில் போனது. முதல் வழியைத் தேர்ந்தவர் படும் பாட்டைப் பார்த்தால் மற்றவர்கள் ஏன் மூடிவிடுகிறார்கள் என்பது புரியும். மாற்றக் கட்டளைக்கு மேலதிக ஒதுக்கீடு வேண்டும். மதிப்பீட்டில் எதிர்பாராச் செலவுக்கென வைத்த தொகை பெரும்பாலும் வேறெதற்கோ பேசப்பட்டிருக்கும். கோப்பு மேலே போய்க் கீழே வருவதற்குள் வேலையாட்கள் வேறு தளத்துக்குப் போய்விடுவார்கள். வங்கி மேலதிகப் பற்றுக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். இந்நிலையில் ஒப்பந்தக்காரரின் நேர்மையை மட்டும் நம்பி ஒரு முறையை வைத்திருப்பது, எனக்குத் தெரிந்தவரையில், கையாலாகாத்தனம். விலைமனு கோருவதற்கு முன்னரே சந்தேகமான ஐந்தாறு இடங்களில் பூச்சை உடைத்துப் பார்ப்பதற்கு ஒரு நாட்கூலிதான் செலவு. அதைச் செய்து, கண்டதைப் படத்தோடு விலைமனுப் பத்திரத்தில் சேர்த்து, கம்பித் திருத்தத்துக்குத் தனி விலை வீதமும் கேட்டுவிட்டால், நேர்மையாகச் செய்பவரும் போட்டியிட முடியும். இன்றைய முறையில் பீமைத் தட்டிப் பார்த்து உண்மையான விலையைக் குறித்தவரே முதலில் தோற்கிறார்.

பணத்தின் காலமும் மழையின் காலமும் இம்மாவட்டத்தில் எதிரெதிராக ஓடுவது இன்னொரு தொல்லை. அரச நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஒதுக்கீடு அங்கீகாரம் பெற்று, பட்டியல் பிரதேச செயலகத்துக்கு வந்து, மதிப்பீடும் விலைமனுவும் முடிய ஓகஸ்டோ செப்டெம்பரோ ஆகிவிடும். நம் பக்கத்து ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை வாடையோடு வருகிறது. எனவே கூரை கழற்ற உகந்த மாதங்களில் கோப்பு நடக்கிறது. கோப்பு முடிந்த பிறகு மழையில் கூரை கழற்றப்படுகிறது. டிசம்பர் நடுப்பகுதிக்குள் பில் போகாவிட்டால் பணம் திரும்பிவிடும் என்ற பயத்தில் ஈரச் சுவரில் வர்ணம் பூசப்படுகிறது. மார்ச்சில் அந்த வர்ணம் தோலாக உரியும்போது ஊரார் திட்டுவது ஒப்பந்தக்காரரை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவிப் புயல் திரியாய், குச்சவெளி ஆகிய பகுதிகளை அண்டிக் கரையேறியது. அத்தகைய ஒரு மாதத்தில் பாதி கழற்றிய கூரையோடு ஒரு கட்டடம் நிற்பதன் பொருள் என்னவென்று விளக்கத் தேவையில்லை. பொறுப்புள்ள ஒப்பந்தக்காரர் இந்த இடத்தில் செய்யக்கூடியது வேலை ஒழுங்கை மாற்றுவது: கூரையைப் பகுதி பகுதியாகக் கழற்றி அன்றன்றே மூடுவது, உள் வேலைகளை மழைக்கு ஒதுக்குவது, வர்ணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளும்படி எழுத்தில் கேட்பது. கடைசியாகச் சொன்னதற்குச் சம்மதம் கிடைப்பது அரிது.

எல்லா வேலையும் விலைமனுவுக்குப் போவதில்லை. குறித்த தொகைக்கு உட்பட்ட வேலைகளைக் கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் போன்றவற்றுக்கு நேரடியாகக் கொடுக்கும் முறை ஒன்றுண்டு. இது இலங்கையிலேயே உருவான முறை என்பது பலருக்குத் தெரியாது: 1980களின் நடுப்பகுதியில், பத்து இலட்சம் வீடுகள் திட்டத்தின்போது, தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகாரசபை கொழும்பின் சேரிப் புறங்களில் கிணறு, வடிகால், கழிப்பறை போன்ற சிறு வேலைகளை அங்கு வாழ்ந்தவர்களின் சங்கங்களுக்கே ஒப்பந்தமாகக் கொடுத்தது. இலாபம் ஊருக்குள் நிற்கும், தம் பிள்ளைகள் படிக்கும் இடம் என்பதால் மக்கள் கண்ணாக இருப்பார்கள் என்பதே அதன் பின்னிருந்த எண்ணம். இம்மாவட்டத்தில் அது நன்றாக நடந்த இடங்களும் உண்டு. ஆனால் பல ஊர்களில் நடப்பது வேறு. சங்கத்துக்கு முதற்பணம் இல்லை. கட்டுமானம் தெரிந்த ஆளும் இல்லை. ஆகவே ஒப்பந்தம் சங்கத்தின் பெயரில் இருக்க, வேலையை ஓர் ஒப்பந்தக்காரர் வாய்ப்பேச்சில் எடுத்துக்கொள்வார். தலைவரும் பொருளாளரும் காசோலையில் ஒப்பமிடுவார்கள். பிழை வந்தால் எழுத்தில் பொறுப்பு சங்கத்துக்கு, வேலையில் பொறுப்பு எவருக்கும் இல்லை. வேலையைச் செய்பவரோடு சங்கம் அரைப் பக்கத்திலாவது ஓர் உடன்படிக்கை எழுதி, அளவும் தவணையும் பிழை திருத்தும் காலமும் அதில் குறித்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

வறிய குடும்பங்களுக்கான வீடுகளில் ஒப்பந்தக்காரரின் இடம் இன்னும் மங்கலானது. ஆழிப்பேரலைக்குப் பின்னர் கரையோரத்தில் கட்டத் தடை விதித்த ஒதுக்கு வலயம் வடக்கு, கிழக்கில் 200 மீற்றராகவும் ஏனைய இடங்களில் 100 மீற்றராகவும் முதலில் வகுக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. வலயத்துக்குள் வீடிழந்தவர்களுக்கு வேறிடத்தில் நன்கொடை நிறுவனங்கள் ஒப்பந்தக்காரரைக் கொண்டு 500 சதுர அடி வீடு கட்டிக் கொடுப்பதாகவும், வலயத்துக்கு வெளியே முற்றாக அழிந்த வீட்டுக்கு 250,000 ரூபாவும் பகுதியாக அழிந்ததற்கு 100,000 ரூபாவும் தவணையாகத் தந்து உரிமையாளரே கட்டிக்கொள்வதாகவும் திட்டம் அமைந்தது. போரில் அழிந்த வீடுகளுக்கு உலக வங்கி நிதியில் நடந்த வடக்கு கிழக்கு வீடமைப்புத் திட்டமும் 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத் திட்டத்தின் 550,000 ரூபா உதவியும் இரண்டாவது வழியையே பின்பற்றின. அத்திவாரம், சுவர், கூரை என ஒவ்வொரு கட்டமும் முடிந்ததைப் பார்த்த பின்னர் அடுத்த தவணை வங்கிக் கணக்குக்கு வரும்.

காகிதத்தில் இதில் ஒப்பந்தக்காரர் என்று ஒருவர் இல்லை. குடும்பமே தன் வீட்டைக் கட்டுகிறது. நடைமுறையில், மீன்பிடிக்கும் கூலி வேலைக்கும் போகும் ஒருவர், அல்லது கணவனை இழந்து பிள்ளைகளோடு திரும்பி வந்த ஒரு தாய், சுவர் எழுப்பக் கற்றுக்கொண்டு கட்டுவதில்லை. மேசன் ஒருவரைப் பிடித்துச் சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி பேசுகிறார்கள். பொருளைத் தாமே வாங்கிக் கொடுக்கிறார்கள். சற்று வசதியுள்ள மேசனாக இருந்தால் பொருளும் கூலியும் சேர்த்துப் பேசி, கடையில் கடனுக்கு எடுத்து, தவணை வந்ததும் கழிப்பார். அவர்தான் ஒப்பந்தக்காரர், பதிவும் பெயரும் இல்லாத ஒப்பந்தக்காரர். ஒரே ஊரில் நூறு வீடு ஒருங்கே எழும்போது ஒரு மேசன் ஏழெட்டு அத்திவாரங்களுக்கு முற்பணம் வாங்கிவிட்டு எங்கேயும் முழுதாக நிற்காமல் ஓடிக்கொண்டிருப்பார். அவர் வராத நாளில் திறந்த சாக்கில் சீமெந்து கட்டிபட்டுப் போகும் நட்டம் குடும்பத்துக்கு.

இந்த முறையில் வீடுகள் ஒட்டுமொத்தமாகப் பார்க்கையில் நன்றாகவே வந்தன. தம் வீடு என்ற அக்கறையை எந்த மேற்பார்வையாளராலும் விலைக்கு வாங்க முடியாது. நான் இம்முறையின் பக்கம் நிற்பவன். ஆனால் அதன் பலவீனமான இடம் அத்திவாரம் வெட்டும் முதல் நாளிலேயே இருக்கிறது. உதவித் தொகை 550 சதுர அடிக்குக் கணக்கிட்டது. பெண் பிள்ளைக்கு ஓர் அறை, சாமி அறை அல்லது தொழுகைக்கு ஓர் இடம், முன்னுக்கு ஒரு விறாந்தை என்று சேர்த்து 700 சதுர அடிக்குக் கயிறு கட்டினால், பரப்பு 27 சதவீதம் கூடுகிறது. உதவித் தொகை ஒரு சதமும் கூடாது. அத்திவாரம் பெரிதானால் சுவரும் கூரையும் நிலமும் தாமே பெரிதாகும். 16க்கு 8 அங்குல சீமெந்துக் கல்லில் ஒவ்வொரு நூறு சதுர அடிச் சுவருக்கும் ஏறக்குறைய 112 கல் வேண்டும். இந்தக் கணக்கை அன்றைக்குக் கயிறு பிடித்த மேசன் அறிந்திருந்தார். சொல்லியிருக்க வேண்டியவர் அவர்தான். சதுர அடிக்குக் கூலி பேசியவருக்கு வீடு பெருத்தால் கூலியும் பெருக்கும் என்பதால் சொல்வதில் அவருக்கு ஆதாயமில்லை. நகையை அடகு வைத்தும் நுண்கடன் எடுத்தும் கூரை போட்ட குடும்பங்களின் கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. சதுர அடிக்குப் பதிலாக, முழு வீட்டுக்கும் இவ்வளவு என்று கூலி பேசி, தவணைக்குத் தவணை கொடுத்திருந்தால் அந்த ஆதாயம் மறுபக்கம் திரும்பியிருக்கும்.

குடும்பங்களின் கையிலிருந்து வேலையை எடுத்துப் பெரிய நிறுவனத்திடம் கொடுப்பது இதற்குத் தீர்வாகாது என்பதைப் பொருத்து வீட்டு விவகாரம் காட்டியது. 2015இற்குப் பின்னர் வடக்கு, கிழக்கில் 65,000 உருக்கு வீடுகளை வெளிநாட்டு நிறுவனமொன்றைக் கொண்டு அமைக்கும் யோசனை எழுந்தது. ஒரு வீட்டுக்கு 20 இலட்சம் ரூபாவுக்கு மேல் கணக்கிட்ட அந்த யோசனையைப் பொறியியலாளர்களும் மக்கள் அமைப்புகளும் எதிர்த்தனர். அந்தப் பணத்தில் கல் வீடு இரண்டு கட்டலாம் என்றார்கள். வெப்பமும் கடற்காற்றுத் துருவும் பேசப்பட்டன. எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது, அந்த வீட்டில் ஒரு சுவர் வெடித்தால் ஊர் மேசனால் தொட முடியாது என்பது. யோசனை கைவிடப்பட்டது. பின்னாளில் ஓர் அறையைச் சேர்க்கவும் ஒரு தூணைத் திருத்தவும் உள்ளூரில் ஆள் இருக்கிறாரா என்பது மலிவு வீட்டின் விலைக்குள் சேர வேண்டிய கணக்கு.

2022இல் நேர்ந்த பொருளாதார நெருக்கடி இந்தச் சிறு ஒப்பந்தக்காரர்களின் முதுகை முறித்தது. 2021 தொடக்கத்தில் ஆயிரம் ரூபா அளவில் இருந்த 50 கிலோ சீமெந்து மூட்டை, அடுத்த ஆண்டின் நடுப்பகுதியில் மூவாயிரத்தை அண்மித்தது. டீசல் வரிசையில் லொறி நின்றது. பெரிய, நீண்டகால ஒப்பந்தங்களில் விலையேற்றத்தை ஈடுசெய்யும் சூத்திரம் உண்டு. சில மாதங்களில் முடியும் சிறிய திருத்த வேலைகளுக்கு அது பெரும்பாலும் பொருந்துவதில்லை. அரசு புதிய வேலைகளை நிறுத்திவைத்தது. முடித்த வேலைகளின் பில்களும் தேங்கின. தொழிலை விட்டு மத்திய கிழக்குக்குப் போன மேசன்மாரும் கம்பி கட்டுபவர்களும் எல்லாரும் திரும்பவில்லை. இன்று ஒரு முன்பள்ளிக் கூரையைத் திருத்த விலைமனு கோரினால் வரும் விண்ணப்பங்கள் குறைவாக இருப்பதற்கும், வருபவர்கள் அச்சத்துக்கும் சேர்த்து விலை குறிப்பதற்கும் காரணம் இதுவே.

திருத்த வேலையோடு வந்து சேரும் சில கடமைகள் உண்டு. 2006ஆம் ஆண்டின் அணுகுவசதி ஒழுங்குவிதிகள்படி பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் நுழைய வழி இருக்க வேண்டும்; 2009இலும் 2011இலும் உயர் நீதிமன்றம் அதை வலியுறுத்தியது. சாய்தளத்தின் சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று. வெள்ளத்துக்குப் பயந்து இரண்டரை அடி உயர்த்திக் கட்டிய மண்டபத்துக்கு அப்படியானால் 30 அடி நீளச் சாய்தளம் வேண்டும்; முற்றத்தில் இடமில்லையென்று எட்டடியில் முடித்தது சக்கர நாற்காலிக்கு உதவாது, சைக்கிள் ஏற்றவே உதவும். பழைய அஸ்பெஸ்டோஸ் சீற்றைக் கழற்றும்போது உடைத்துத் தள்ளாமல், நனைத்து, ஆணியைக் கழற்றி முழுதாக இறக்க வேண்டும். அதன் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. கோட்டையை அண்டிய நகரப் பகுதியில் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவர்கள் உள்ளன; அவற்றின் மேல் கடும் சீமெந்துப் பூச்சைப் போட்டால் உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரையே தின்னும். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவற்றைத் திணைக்களத்தின் அனுமதியின்றித் தொடவும் கூடாது. கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுமானம் செய்வதற்குக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அனுமதி எடுப்பது வேலை தருபவரின் கடமை. எடுத்திருக்கிறார்களா என்று கேட்காமல் மண்ணை வெட்டியவர், வேலை நின்றால் நட்டத்தில் பங்குகொள்கிறார்.

வேலை முடிந்து திறப்பு விழா நடந்த பின்னரும் ஒப்பந்தம் முடிவதில்லை. ஒவ்வொரு பில்லிலும் ஒரு பகுதி பிடித்துவைக்கப்பட்டு, பிழை திருத்தும் காலம் கழிந்த பின்னரே விடுவிக்கப்படும். அக்காலம் வழமையாக 365 நாள். டிசம்பரில் கையளித்த கட்டடத்துக்கு இந்தக் கணக்கில் முழு மழைக்காலம் ஒன்றாவது கிடைக்கிறது. மழை முடிந்த பெப்ரவரியில் கையளித்ததற்கும் அப்படியே. கூரையில் எந்தக் கைமரத்தடியில் ஒழுகுகிறது, பூசிய பீமில் கீறல் மீண்டும் தெரிகிறதா என்று அந்த வாடையில் பார்த்து, திகதியோடு எழுதி, படத்தோடு பிரதேச சபைக்கு ஒரு கடிதம் கொடுக்கச் சங்கத்துக்கு ஒரு மாதம் போதும். பெரும்பாலான சங்கங்களுக்கு ஒப்பந்தத்தின் பிரதியே கொடுக்கப்படுவதில்லை. காலம் கழிந்ததும் ஒப்பந்தக்காரர் விண்ணப்பிக்கிறார், முறைப்பாடு ஏதும் கோப்பில் இல்லை, பிடித்த பணம் விடுவிக்கப்படுகிறது. மண்டபத்தின் மேற்கு மூலையில் ஒழுகும் இடத்துக்கு நேர்கீழே இரண்டு ஆண்டுகளாக ஒரு வாளி வைக்கப்பட்டிருக்கிறது.